எழுவர் எங்கே?

"குடித்துச் செத்தவன் வீட்டுக்கு 10 லட்சமா?" 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு, அரசு நிவாரணம் அறிவித்தபோது எழுந்த கேள்வி இது. கோவில் வாசலில் நாமும் இதற்குத் தலையசைத்தோம்.

அத்தொகை இறந்தவனுக்கன்று, இனித் தனி ஒருத்தியாய்க் கூலிக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்க்கவேண்டிய அவன் மனைவிக்கு. அதுவும் ஊரே அழுத சாவு என்பதால் கிடைத்தது. மதுக்கடையில் ஆண்டுக்கணக்காய்க் குடித்து, ஈரல் கெட்டு, ஓசையின்றி மாண்டவனின் மனைவிக்கு என்ன உண்டு? 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்த ஆதரவற்ற விதவை உதவித்தொகை. அதற்காக அலையும் ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி இல்லை.

எருசலேம் திருச்சபையிலும் கைம்பெண்களின் அன்றாடப் பங்கைப் பற்றி முணுமுணுப்பு எழுந்தது (திப 6:1). கணவன் எப்படிச் செத்தான் என்று திருத்தூதர்கள் விசாரித்ததாக அங்கே எழுதப்படவில்லை. எழுவரைப் பணியில் அமர்த்தினார்கள்.

நம் பங்கில் அந்த எழுவர் எங்கே? தேருக்கு வரி வசூலிக்கத் தெரிந்த நமக்கு, அவளுக்கு விண்ணப்பம் எழுதித் தரவும், வட்டாட்சியர் அலுவலகம்வரை உடன் செல்லவும் தெரியாதா? வரும் திருவிழாவில் வாணவேடிக்கையை நிறுத்துவோம். அப்பணம் அவள் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குப் போகட்டும்.