மூக்கைப் பிடியுங்கள்!

பி.காம். பாஸ் பண்ணி, வேலைக்குப் போய், கல்யாணமாகி, மாசாமாசம் பி.எஃப். பிடித்தம் போக மீதியை வீட்டில் கொடுக்கிற ஆசாமிக்கும் அந்தக் கனவு வருகிறது. காஸ்ட் அக்கவுண்டன்ஸி பரீட்சை. ஹால் டிக்கெட் இல்லை. பேனா எழுதவில்லை. சில சமயம் பேண்ட்டும் இல்லை. வேர்த்துக் கொட்டுகிறது. 'நான்தான் டிகிரி வாங்கி பத்து வருஷமாச்சே, எனக்கெதற்கய்யா பரீட்சை?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் விஷயம் முடிந்தது. கேட்க மாட்டோம். கனவில் நம் மூளை, ஃபைலைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரி.

கேட்டுவிடுகிற சிலரும் இருக்கிறார்கள். 'இது கனவு' என்று தெரிந்தே காணும் கனவுக்கு லூஸிட் ட்ரீம் என்று பேர். 1913-ல் வான் ஈடன் என்ற டச்சு டாக்டர் தன் கனவுகளைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர்.

'சும்மா அளக்காதீங்க ஸார்' என்பவர்களுக்கு: கனவு காணும்போது கை, கால் எல்லாம் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும். கண் மட்டும் மூடிய இமைக்குள் உருளும். 1975-ல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் இதைப் பயன்படுத்திக்கொண்டார். கனவு என்று தெரிந்ததும், பேசி வைத்தபடி இடம் வலமாகக் கண்ணை உருட்ட வேண்டும். ஆலன் வொர்ஸ்லி என்பவர் தூங்கிக்கொண்டே உருட்டினார். கருவியில் கோடாகப் பதிவானது. 2021-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தூங்குகிற ஆளிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டார்கள். கண்ணை இரண்டு தடவை உருட்டிச் சரியாகப் பதில் சொன்னார். (நம்மில் சிலருக்கு முழித்திருக்கும்போதே கால்குலேட்டர் வேண்டும்.)

நமக்கு இது வருமா? அதற்கு ஒரு பழக்கம் சொல்கிறார்கள். பகலில் பல தடவை 'இப்போது நான் முழித்திருக்கிறேனா, கனவா?' என்று சோதித்துக்கொள்வது. பகலில் செய்வதுதான் ராத்திரி கனவிலும் வரும்; லெட்ஜர் எழுதுகிறவர் கனவில் லெட்ஜர் வருகிற மாதிரி.

சோதனைகள் சுலபம். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மூச்சு விடப் பாருங்கள். கனவாக இருந்தால் பெரும்பாலும் மூச்சு தாராளமாக வரும். படுக்கையில் கிடக்கும் நிஜ மூக்கை யாரும் பிடிக்கவில்லையே! விரல்களை எண்ணலாம், கனவில் ஆறு, ஏழு என்று போகும். பஸ் போர்டைப் படித்து, தலையைத் திருப்பி, மறுபடி படிக்கலாம். கனவில் தாம்பரம் பஸ் திருச்சி பஸ்ஸாகியிருக்கும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நாலு நாள் அக்கறையாகச் செய்வார்கள். ஐந்தாம் நாள் மூக்கைத் தொட்டு, 'முழிச்சுத்தான் இருக்கேன்' என்று போய்விடுவார்கள். கோடவுனுக்கே போகாமல் 'சரக்கு சரி' என்று டிக் அடிக்கிற ஆடிட்டர் மாதிரி. டிக் அடிக்கிற பழக்கம்தான் கனவுக்குள்ளும் போகும். எதிரே யானை டைப் அடித்துக்கொண்டிருந்தாலும் மூக்கைத் தொட்டு, 'எல்லாம் சரி' என்று நகர்வீர்கள்.

எனவே நிஜமாகவே சந்தேகப்பட வேண்டும். இங்கே எப்படி வந்தேன், பத்து நிமிஷம் முன்னால் எங்கே இருந்தேன் என்று யோசிக்க வேண்டும். கனவில் இதற்குப் பதில் இருக்காது, நடுவிலிருந்துதானே ஆரம்பிக்கும். டீ குடிக்கும்போது, கதவைத் திறக்கும்போது என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். விசித்திரமாக எது நடந்தாலும் கட்டாயம் செய்யுங்கள்: பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் காலி, மேனேஜர் சிரிக்கிறார், இத்யாதி.

இது மட்டும் போதாது. 2017-ல் ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி என்பவர் சோதித்துப் பார்த்தார். வெறும் மூக்குப் பிடிப்பால் பெரிய லாபமில்லை. ஐந்து மணி நேரம் தூங்கி, அலாரம் வைத்து எழுந்து, 'அடுத்த கனவில் இது கனவு என்று ஞாபகம் வைப்பேன்' என்று மனசுக்குள் சொல்லியபடி திரும்பத் தூங்கியதையும் சேர்த்தபோதுதான் பலன். அதுவும் சுமார் 17 சதவிகித ராத்திரிகளில். அலாரத்தைச் சனிக்கிழமை ராத்திரி மட்டும் வையுங்கள். தூக்கம் கெட்டால் திங்கட்கிழமை ஆபீஸே கனவு மாதிரிதான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. மேனேஜரை நாலு கேள்வி கேட்கும் முன் மறக்காமல் மூக்கைப் பிடித்துப் பாருங்கள். மூச்சு வந்தால் கேளுங்கள். முட்டினால், 'குட்மார்னிங் ஸார்!'