பழைய கார்தானே என்று விட்டுவிடலாமா?

அப்டன் பார்க் நிலக்கீழ் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்திலுள்ள தெருவொன்றிலே எமது அயலவர் ஒருவர் குடும்பத்துடன் வாழ்ந்து வருகிறார். அதிகாலை ஐந்தரை மணிக்கு எசெக்ஸ் பக்கமாகவுள்ள எரிபொருள் நிரப்பு நிலையமொன்றைத் திறக்கும் பொறுப்பு அவருடையது. அண்மையில் ஒருநாள் நான்கரை மணிக்குக் கதவைத் திறந்து வெளியே வந்தவர், முதல்நாள் மாலை தமது காரை நிறுத்திய இடத்தில் வெற்றுத் தெருவைக் கண்டார். நிலத்தில் ஒரு கண்ணாடித் துண்டுகூடக் கிடக்கவில்லை. கார் 2006ஆம் ஆண்டுத் தயாரிப்பு. மூன்றாம் கையாக வாங்கியது. வாங்கியபோது ஒரேயொரு திறப்புத்தான் கொடுத்தார்கள். மற்றத் திறப்பு எங்கே என்று அவர் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

செய்தி கேட்டு நாம் அவரிடம் சென்றபோது அவர் சொன்ன வார்த்தைகள் காரின் இழப்பைவிட எம்மை அதிகம் வருத்தின. "பழைய கார்தானே அண்ணை, போனால் போகட்டும். ஊரிலே வீடும் வளவும் போனதைவிட இது பெரிதா? பொலிசுக்குப் போய் வீண் சோலியை ஏன் விலைக்கு வாங்குவான்?" என்றார். சிறிது நேரத்தின் பின்னரே, காரின் பின்பெட்டியில் ஒரு கோவை இருந்ததென அவருடைய மனைவி நினைவூட்டினார். அவருடைய தாயாரின் விசா விண்ணப்பத்துக்கெனச் சட்டத்தரணியிடம் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்த மூலப் பத்திரங்கள் அதனுள் இருந்தன. அதன் பின்னர் அந்த வீட்டில் எவரும் "போனால் போகட்டும்" என்று சொல்லவில்லை.

எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்குச் சிறிய இழப்புகள் கணக்கில் வருவதில்லை. இந்த மனப்பான்மையை நாம் பெருந்தன்மை என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இது இழப்புக்குப் பழகிப்போன மனத்தின் சோர்வு. எம்மிடம் உள்ளதை எவரும் எடுத்துச் செல்லலாம், நாம் வாய் திறக்க மாட்டோம் என்ற நிலைக்கு நாமே எம்மைப் பழக்கிக்கொள்வது ஆபத்தானது. ஒரு பழைய காரைப் பற்றி இன்று நாம் எழுத முன்வந்ததும் இதனாலேயே.

வசதி படைத்தவருக்குக் கார் ஓர் அலங்காரமாக இருக்கலாம். எமக்கு அது தொழிற்கருவி. மாவட்டப் பாதை ரயில் இரவு முழுவதும் ஓடுவதில்லை. அதிகாலை வேலைக்கும் நள்ளிரவு வேலைக்கும் செல்பவர், பிள்ளையை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர், நோயுற்ற பெற்றோரை மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்பவர் ஆகிய அனைவரும் இந்தப் பழைய வண்டிகளை நம்பியே இருக்கின்றனர். வேலை செய்யும் அனுமதி இன்றித் தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கும் எத்தனையோ பேர், சட்டத்தரணியிடம் செல்வதும் கோயிலுக்குச் செல்வதும் அயலவரின் இத்தகைய காரிலேதான். அந்தக் கார் ஒன்று களவு போனால் ஒரு தெருவின் பாதி வேலைகள் நின்றுவிடும்.

பழைய காரின் அருமையை அறியாதவர்கள் அல்லர் நாம். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாதிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நாம் சிறுவயதிலே கண்டிருக்கிறோம். சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஐம்பதுகளில் வந்த வண்டியை நாற்பது ஆண்டுகள் ஓடவைத்த சமூகம் எமது சமூகம். பழையது என்பதற்காக ஒன்றைக் கைவிடும் பழக்கத்தை நாம் இங்கு வந்துதான் கற்றோம்.

கள்வருக்கோ பழையதன் அருமை நன்கு தெரியும். இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1963ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனி, புதியது பழையது என்ற வேறுபாடின்றி எல்லாக் கார்களிலும் ஸ்ரியறிங் பூட்டுப் பொருத்தப்பட வேண்டுமெனச் சட்டமாக்கியது. அங்கு கார்க் களவு பெருமளவு வீழ்ந்து, வீழ்ந்த நிலையிலேயே நின்றது. பிரித்தானியா 1971இல் அதே விதியைப் புதிய கார்களுக்கு மட்டும் கொண்டுவந்தது. அதன் விளைவை உள்துறை அமைச்சின் ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்டனர். லண்டனில் அனுமதியின்றி எடுத்துச் செல்லப்பட்ட வாகனங்களில் புதியவற்றின் பங்கு, 1969க்கும் 1973க்கும் இடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் களவு ஒழியவில்லை. கள்வர்கள் பழைய கார்களை நோக்கித் திரும்பியிருந்தனர். புதிய கார் வாங்க வல்லவருக்குக் கிடைத்த பாதுகாப்பின் விலையை, பழைய கார் வைத்திருந்தவர் செலுத்தினார்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1990களின் தொடக்கத்தில் பொலிசார் பதிவு செய்த வாகனக் களவுகள் ஆண்டுக்கு ஆறு இலட்சத்தை அண்மித்தன. 1998 ஒக்டோபரிலிருந்து புதிய கார்கள் அனைத்திலும் இயந்திரத்தை முடக்கும் மின்னணுக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. திறப்பினுள் இருக்கும் சிறு சில்லை வண்டி அடையாளம் காணாவிடில் இயந்திரம் இயங்காது. இதுவும் ஏனைய காரணங்களும் சேர்ந்து களவுகளைப் பெரிதும் குறைத்தன. எனினும் அண்மைய ஆண்டுகளில் தொகை மீண்டும் ஏறியுள்ளது. 2023 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் ஏறத்தாழ 1 இலட்சத்து 30 ஆயிரம் களவுகள் பதிவாகின.

திறப்பைப் பையில் வைத்தபடியே கதவு திறக்கும் புதிய வண்டிகளை, அத்திறப்பின் வானொலிச் சமிக்ஞையைக் கடத்திக் களவாடுகிறார்கள். எமது பழைய வண்டிகளில் இந்த ஆபத்து இல்லை. ஆகவே நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று எவரும் மகிழ வேண்டாம். பழைய வண்டியைத் தேடி வருபவர்கள் உதிரிப் பாகங்களுக்காக வருகிறார்கள். அல்லது எங்கோ கைமாறிப்போன திறப்புடன் வருகிறார்கள். அல்லது எமது கவனக்குறைவை நம்பி வருகிறார்கள்.

உதிரிப் பாகங்களுள் முதன்மையானது, புகைக்குழாயில் பொருத்தப்பட்டுள்ள கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் எனும் புகை சுத்திகரிக்கும் கருவி. இதனுள்ளே பிளாற்றினம், பலேடியம், றோடியம் ஆகிய அரிய உலோகங்கள் உள்ளன. ரொயோட்டா பிறியஸ், ஹொண்டா ஜாஸ் போன்றவற்றின் பழைய மாதிரிகளே இக்கள்வரின் முதல் இலக்கு. மின்சாரமும் பெற்றோலும் கலந்து ஓடும் வண்டிகளில் இக்கருவி குறைவாகவே தேய்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. தூய காற்று வலயம் 2021 ஒக்டோபர் 25இல் எமது பகுதிக்கும் விரிந்தபோது, நாளொன்றுக்குப் பன்னிரண்டரைப் பவுண் கட்டணத்துக்கு அஞ்சி எம்மவர் பலர் தேடிப்பிடித்து வாங்கியவையும் இத்தகைய வண்டிகளே. ஒரு சில நிமிடங்களில் கருவியை அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பழுதைத் திருத்தும் செலவோ சில வேளைகளில் வண்டியின் பெறுமதியையே விஞ்சிவிடுகிறது.

அப்படியாயின் நாம் செய்யக்கூடியது என்ன? எமது தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. கராஜுக்கோ முற்றத்துக்கோ இடமில்லை. வண்டி தெருவிலேதான் உறங்க வேண்டும். எனவே, களவைக் கடினமாக்குவதே எம்மால் இயன்றது. வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் ஸ்ரியறிங் பூட்டு ஒன்று நூறு பவுணுக்குள்ளும் கிடைக்கிறது. தச்சம் அல்லது சோல்ட் செக்கியூர் நிறுவனங்களின் தரச்சான்று பெற்றதாகப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கிப் பின்பெட்டியில் போட்டு வைப்பதற்காக அல்ல; ஒவ்வோர் இரவும் பூட்டுவதற்காக. 1998க்கு முற்பட்ட வண்டியாயின், தகுதி பெற்ற தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு இயந்திர முடக்கியைப் பொருத்தி, அதனைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்துவிட வேண்டும். ஒரே திறப்புடன் கார் வாங்கியவர்கள், பழைய திறப்புகளை வண்டியின் நினைவிலிருந்து அழித்துப் புதியவற்றைப் பதிவு செய்ய முடியுமா எனத் திறப்புத் தொழிலாளரிடம் கேட்டறிய வேண்டும். புகைக் கருவிக்கு இரும்புக் காப்பு உண்டு. அதில் அடையாள இலக்கம் பொறித்து வைப்பதும் நல்லது. நள்ளிரவில் காரின் அடியில் அறுக்கும் ஓசை கேட்டால் வெளியே ஓடி மோத வேண்டாம். அவர்கள் ஆயுதத்துடன் வந்திருக்கக்கூடும். 999ஐ அழையுங்கள்.

பனிக்காலக் காலையில் இயந்திரத்தை ஓடவிட்டு, தேநீர் குடிக்க உள்ளே செல்லும் பழக்கம் எம்மிடையே உண்டு. கள்வருக்கு இதைவிட இலகுவான வாய்ப்பில்லை. திறப்பை உள்ளே விட்டுச் சென்ற வண்டி களவு போனால் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு சதமும் தருவதில்லை. அதுபோலவே மூன்றாம் தரப்புக்கு மட்டும் காப்புறுதி செய்தவருக்குக் களவுக்கான நட்டஈடு கிடையாது. கட்டணத்தைக் குறைப்பதற்காக வேறொரு முகவரியையோ வேறொரு சாரதியின் பெயரையோ கொடுப்பவர்கள், அவசியமான வேளையில் தமது காப்புறுதி வெறும் கடதாசியாகிவிடுவதைக் காண்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவுப் புத்தகத்தையும் கடவுச்சீட்டையும் வழக்குப் பத்திரங்களையும் காரினுள் விட்டுச் செல்லாதீர்கள். காருக்கு விலை உண்டு. ஊரிலிருந்து பாடுபட்டு எடுப்பித்த ஒரு மூலப் பத்திரத்துக்கு விலை ஏது?

பொலிசைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எமது ஊரில் பொலிஸ் நிலையத்துக்குப் போனவர்களுக்கு நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் களவுக்கு உள்ளானவர் குற்றவாளி அல்லர். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர் தமது பொருள் களவு போனதென முறையிடுவது அவருடைய கோரிக்கைக்கு எதிரான சான்றாகாது. வதிவிட நிலையில் சிக்கல் உள்ளவர்கள் முதலில் சட்டத்தரணியிடம் ஆலோசனை பெறலாம். முறையிடாமல் இருப்பதன் ஆபத்தே பெரிது. களவு போன வண்டி ஒரு குற்றத்துக்குப் பயன்பட்டால் விசாரணை பதிவாளரின் வீட்டுக் கதவையே தட்டும். அபராதச் சீட்டுகளும் அங்கேயே வந்து சேரும். இலக்கத் தகடு மட்டும் களவு போனாலும் இதே கதைதான். 101ஐ அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்று, காப்புறுதி நிறுவனத்துக்கும் சுவான்சியிலுள்ள வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் அறிவிப்பது ஒரு மணிநேர வேலை. முறையிடப்படாத களவு எந்தக் கணக்கிலும் வராது. கணக்கில் வராத தெருவுக்குக் காவலும் வராது.

இனிச் சொல்லவிருப்பது சிலருக்குக் கசக்கலாம். களவுப் பொருளுக்கு வாங்குவோர் இல்லையேல் களவு இல்லை. "தெரிந்த பொடியன் ஒருவனிடம் மலிவாக வந்திருக்கிறது" என்ற வார்த்தையைக் கேட்டதும் எம்மில் எத்தனை பேர் பத்திரங்களைக் கேட்கிறோம்? களவுக் காரை அறியாமல் வாங்கினாலும் அது உரியவருக்கே சொந்தம். வாங்கியவர் காரையும் இழப்பார், காசையும் இழப்பார். பழைய உலோகத்துக்குக் கைக்காசு கொடுப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. அப்படியிருந்தும் சந்தை நடக்கிறதென்றால் எங்கோ கைகள் நீள்கின்றன என்பதே பொருள். அவற்றுள் எமது கையும் இருக்கலாகாது.

அரசிடமும் நகரசபையிடமும் நாம் கேட்க வேண்டியவை உண்டு. மேற்கு அவுஸ்திரேலிய மாநிலம் 1999இல், பழைய கார் கைமாறும்போது இயந்திர முடக்கி பொருத்தப்பட்டிருக்க வேண்டுமெனச் சட்டமியற்றியதுடன் அதற்கு மானியமும் வழங்கியது. பழைய காரையும் காத்தால்தான் களவு குறையும் என்ற ஜேர்மனிய பாடத்தை அவர்கள் படித்திருந்தனர். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு ஒரு பூட்டையாவது மானிய விலையில் தரும்படி நியூஹாம் நகரசபை உறுப்பினர்களிடம் நாம் ஏன் கேட்கக்கூடாது? தேர்தல் வேளையில் எமது கதவைத் தட்டுபவர்கள் அவர்கள்தாமே.

வெஸ்ற் ஹாம் அணி 2016இல் இங்கிருந்து பெயர்ந்து செல்லும்வரை, போட்டி நாட்களில் இத்தெருக்கள் அந்நியரால் நிறைந்திருந்தன. இன்று அமைதியாக இருக்கின்றன. அந்த அமைதியில் அயலவரின் வண்டி எது, அது எங்கே நிற்கும் என்பதை நாம் அறிந்து வைத்திருந்தால் அதுவே பாதிக் காவல். ஊரிலே ஓர் ஒழுங்கைக்குள் அறியாத சைக்கிள் நுழைந்தால் பத்துப் படலைகள் திறக்கும்.

எமது அயலவர் மூன்றாம் நாள் முறைப்பாடு செய்தார். கார் இதுவரை கிடைக்கவில்லை. இரு வாரங்களாக வேறொருவர் அவரை வேலைக்கு ஏற்றிச் செல்கிறார். தாயாரின் பத்திரங்களுக்கு ஊருக்கு மீண்டும் எழுதியிருக்கிறார்கள். அடுத்த காரும் பழைய கார்தான். ஆனால் இம்முறை இரண்டு திறப்புகளையும் கேட்டு வாங்குவதாக எம்மிடம் சொல்லியிருக்கிறார்.