கிணற்றுக்குள் கண் திறந்தால்...



லேப்பில் கிளாஸ் ஸ்லாப்பைச் சுற்றி நாலு குண்டூசி குத்துகிறோம். கோணம் அளந்து, சைன் போட்டு, 1.5 வந்ததும் (வராவிட்டால் வரவழைக்கும் கில்லாடிகளும் உண்டு!) ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். ஒளிவிலகல் பாடம் அத்தோடு முடிந்தது. இது போதாது என்பதுதான் என் கட்சி.

கண்ணாடிக்கு 1.5 என்று மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஆனால் ஒளி எவ்வளவு வளையும் என்பதை ஒரு பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன என்று இரண்டையும் பார்த்துத்தான் ஒளி வளைகிறது. வானூர் பக்கம் கிணற்றில் குதித்து, தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்து பார்த்தவனுக்கு இது தெரியும். எல்லாம் மங்கல்! கண்ணின் முன்பக்கப் படலமான கார்னியாவின் ஒளிவிலகல் எண் 1.376. வெளியே காற்று என்றால் 1. தண்ணீர் என்றால் 1.33. வித்தியாசம் போச்சு, வளைவும் போச்சு!

சென்ற ஆண்டு எங்க ஆயாவுக்குக் கண்புரை. "கண்ணை வெளியே எடுத்து கழுவி வைப்பாங்களாமே" என்று பயந்து ஆபரேஷன் வேண்டாம் என்றார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். "நீ படிச்ச புள்ள, சொல்லுடா. உள்ள பிளாஸ்டிக்கை வெச்சா எப்படிடா கண்ணு தெரியும்?" என்று என்னைத்தான் கேட்டார். ரெக்கார்டு நோட்டில் இதற்குப் பதில் ஏது? தேடிப் படித்தேன்.

இரண்டாம் உலகப்போரில் விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் மூடி உடைந்து, அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தன. அவற்றைக் கண் பகைத்துக்கொள்ளவில்லை. அதைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர், 1949-ல் லண்டனில் அதே பிளாஸ்டிக்கில் வில்லை செய்து கண்ணுக்குள் வைத்தார். அதன் எண் 1.49. காற்றோடு வித்தியாசம் 0.49, கண்ணுக்குள் இருக்கும் நீருக்கு 1.336 என்பதால் அங்கே 0.154 மட்டும்தான். கண்ணுக்குள் 20 டயாப்டர் சக்தி தருகிற வில்லையை வெளியே எடுத்தால் ஏறத்தாழ 64! நம் ஸ்லாப் கணக்கேதான், பக்கத்துப் பொருள்தான் வேறே.

வெளிநாட்டு வில்லை ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் தொடங்கி வில்லையை அங்கேயே செய்தது. விலை பல மடங்கு இறங்கியது. மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க: இந்த பிளாஸ்டிக் வில்லை லேத்தில் கடைந்து எடுப்பது. 'ஆப்டிக்ஸ் நமக்கு எதுக்குடா' என்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆயா ஒத்துக்கொண்டார். இப்போது அரிசியில் கல் பொறுக்குகிறார், எங்களையும் திட்டுகிறார்.

பேரவை மூலம் கேட்கலாம் என்று ஒரு யோசனை. குண்டூசிப் பரிசோதனையோடு ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு குவிலென்சும் லேப்பில் வையுங்கள். லென்சைத் தண்ணீரில் முக்கினால் அதன் குவியத்தூரம் ஏறக்குறைய நாலு மடங்காகும். அதை ஒவ்வொரு மாணவனும் தன் கையால் அளந்து ரெக்கார்டில் எழுதட்டும். செலவு ஒன்றுமில்லை, பக்கெட் ஹாஸ்டலிலேயே இருக்கிறது.