கொட்டை எழுத்தின் தேய்மானம்

‘கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, கண்ணில் படவில்லையா?’ என்று கேட்பது நம் வழக்கம். தூரத்தில் வருபவரையும் நிறுத்திப் படிக்க வைப்பதே அந்தத் தடித்த எழுத்தின் வேலை. இன்று அதற்குப் புதுக்கோலம் ஒன்று வந்திருக்கிறது. விளிம்பு பிய்ந்து, நடுவில் மை ஒட்டாமல், பழஞ்சுவரில் பாதி அழிந்ததுபோல் வேண்டுமென்றே சிதைத்து வரைகிறார்கள். திரைப்படச் சுவரொட்டியிலும் டி-சட்டையிலும் உணவகப் பலகையிலும் அதைப் பார்க்கிறோம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எந்த ஊர்த் தேய்மானம்?

1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ், மர எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்து ஏராளமாகச் செய்யும் வழியைக் கண்டார். பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் எடையும் ஏறும், விலையும் ஏறும். மரம் இரண்டையும் இறக்கியது. சுவரொட்டிகள் பெருகின. திரும்பத் திரும்ப அழுத்தியதில் மரத்தின் விளிம்பு நைந்தது. மை பிடிக்காத இடம் வெள்ளையாக விழுந்தது. அச்சகத்தாருக்கு அது குறை. கணினி வந்தபின் அதுவே அலங்காரமாயிற்று. 1991-இல் வெளிவந்த ‘டிரிக்ஸி’ எழுத்துரு, பழைய தட்டச்சுப் பொறியின் அழுக்கையும் மங்கலையும் அப்படியே ஏந்தி வந்தது. தமிழ் எழுத்தின் மேல் இன்று நாம் பூசும் சிதைவில் பெரும்பகுதி அந்த மரத்துக்கும் அந்தப் பொறிக்கும் உரியது.

நம் எழுத்துக்கோ தேய்மானத்தோடு மிகப் பழைய உறவு உண்டு. சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் அருகே லோபு துவாவில் தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் 1088-இல் கல்லில் எழுத்தை வெட்டினார்கள். ஓலையில் எழுதியவர்களோ புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். அதனால் எகரமா ஏகாரமா என்பதையும் படிப்பவரே இடமறிந்து தெளிய வேண்டியிருந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழை ஈயத்தில் ஏற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்துக் காட்டி, எகர ஏகார, ஒகர ஓகாரக் குழப்பத்தைத் தீர்த்தார். இப்படி நூற்றாண்டுகள் உழைத்துப் பெற்ற தெளிவுதான் இன்று நாம் எழுதும் தமிழ்.

இந்த வரலாற்றோடு கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடந்து பாருங்கள். 1863-இல் தோன்றிய பள்ளிவாசலின் பெயரைத் தாங்கிய சாலை இது. பள்ளிவாசலுக்குள் தமிழ் ஒலிக்கிறது. வெளியே துணிக்கடை, நகைக்கடை, பூக்கடை. கோலாலம்பூரில் பெயர்ப்பலகையில் மலாய்மொழி பெரிதாகவும் முதன்மையாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. எஞ்சிய இடத்தில்தான் தமிழ் நிற்கிறது. இடம் குறுகக் குறுக ஒவ்வொரு எழுத்தின் உறுதியும் முக்கியமாகிறது.

பழைய பலகைக்கு வயது சொல்லும் எழுத்துகளும் உண்டு. ‘மாலை’ என்பதில் உள்ள லையைப் பாருங்கள். யானைத் துதிக்கைபோல் முன்னே வளைந்திருந்தால் அது பழைய வடிவம். பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றது. பின்னர் அது மலேசியாவிலும் வேரூன்றியது. வெயிலும் மழையும் அரித்த தகரத்தில் அந்தப் பழைய லை தெரிந்தால், அதில் எழுத்தின் வரலாறும் கடையின் வரலாறும் ஒன்றாக இருக்கின்றன. எந்தக் கணினியும் பொய்யாகப் பூச முடியாத தேய்மானம் அது.

தமிழைச் சிதைத்து வரைவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஆங்கில எழுத்தில் ஓரம் பிய்ந்தாலும் பெரும்பாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். தமிழில் உயிர் இருப்பது சிறு உறுப்புகளில். இரட்டைக் கொம்பின் மேற்சுழி அழிந்தால் நகைக்கடையின் ‘தோடு’ ‘தொடு’ ஆகிவிடும்; ‘கோடி’ ‘கொடி’ ஆகிவிடும். மூன்று சுழி ணகரத்தில் ஒரு சுழி அடைபட்டால் ‘மணம்’ ‘மனம்’ ஆகும். ‘பணி’ ‘பனி’ ஆகும். எழுத்தைத் தடிப்பாக்கும்போதே சுழிகளின் உள்வெளி சுருங்குகிறது; அதன்மேல் சிதைவையும் தூவினால் அடையாளமே போய்விடும். புள்ளி உதிர்ந்தால் ஓலைக்காலத்துக்கே திரும்பிவிடுவோம். ஓலை படித்தவருக்குப் பொழுது இருந்தது. சாலையில் போகிறவருக்கு இருப்பது ஒரு பார்வை மட்டுமே.

அதற்காகச் சிதைவெழுத்தே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. நம் தேய்மானத்திலிருந்து நம் எழுத்துரு பிறக்க வேண்டும் என்பதே. புள்ளி, கொம்பு, சுழி மூன்றையும் காத்து, தண்டிலும் கிடைக்கோட்டிலும் மட்டும் காலத்தின் கைவரிசையைக் காட்டலாம். அந்தத் திறமை இந்த மண்ணில் இல்லாததன்று. 1985-இல் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். அவர் வடித்த ‘இணைமதி’ ஆப்பிள் கணினிகளில் தமிழ் காட்டியது. கோலாலம்பூரில் 1924-இல் பிறந்த ‘தமிழ் நேசன்’ செய்தித்தாள் 2019-இல் நின்றுபோனது. அதன் தலைப்பெழுத்துகளும் நாம் ஆராய வேண்டிய செல்வமே.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பலகையைக் கழற்றுமுன் நேர் எதிரே நின்று ஒரு படம் எடுங்கள்; பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள்; எந்த ஆண்டு மாட்டியது, யார் எழுதியது என்று குறித்து வையுங்கள். வடிவமைப்பு பயிலும் இளையோர் அவற்றைத் திரட்டட்டும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைபோன்ற ஓரிடத்தில் அத்தொகுப்பு சேரட்டும். பலகை இறங்கிவிட்டால் அந்த எழுத்தை மறுபடி யாராலும் எழுத முடியாது.