முடிவின் பின் எஞ்சுவது யாது? – வீடியோ விளையாட்டுகளின் பின்னிலை குறித்து ஒரு விவாதம்

நாவலின் இறுதிப் பக்கத்தைப் படித்து முடித்தவன் நூலை மூடி வைக்கிறான். நாடகம் முடிந்ததும் திரை விழுகின்றது. பார்வையாளன் எழுந்து செல்கிறான். வீடியோ விளையாட்டு மாத்திரம் தன் கதையை முடித்த பின்னரும் கதவைச் சாத்துவதில்லை. பகைவன் வீழ்ந்து, ஆக்கியோரின் பெயர்ப்பட்டியல் திரையில் ஓடி மறைந்ததும், விளையாடுவோன் பெரும்பாலும் அதே உலகினுள் மீண்டும் விடப்படுகிறான். அங்கே அவனுக்கு வழங்கப்படுவது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வினாவிற்கு இன்று கூறப்படும் விடை பெரும்பாலும் ஓர் எண்ணாகவே அமைகின்றது. கதைக்கு இத்தனை மணித்தியாலம், கதைக்குப் பின் இத்தனை மணித்தியாலம் என்று விளம்பரங்கள் பேசுகின்றன. விமர்சனம் என்ற பெயரில் வெளிவருவனவற்றுட் பலவும் அவ்வாறே பேசுகின்றன. வாங்குவோரும் அவ்வளவுகோலையே தமதாக்கிக் கொண்டுள்ளனர். நெல்லை மரைக்காலால் அளக்கலாம். கலையை அவ்வாறு அளத்தல் இயலாது. கதை முடிந்தபின் எவ்வளவு நேரம் எஞ்சியிருக்கின்றது என்று கேட்பதை விடுத்து, கதை முடிந்துவிட்டது என்பதை அவ்வுலகு அறிந்திருக்கின்றதா என்று நாம் கேட்கவேண்டும். அறிந்திருப்பின் பின்னிலை கதையின் ஓர் அங்கமாகும். அறியாதிருப்பின் அது விளையாடுவோனைத் தடுத்து வைக்கும் ஓர் உபாயம் மாத்திரமே.

இத்தகைய பொருள் ஒரு தமிழ்ச் சங்க மலருக்கு உகந்ததா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். நாடகத்தையும் திரைப்படத்தையும் வெகுசன நாவலையும் ஆராய முன்வந்த விமர்சனம், எமது தலைமுறையினர் இரவுகளைச் செலவிடும் ஒரு கலை வடிவத்தின் வாசலில் மாத்திரம் நின்றுவிடுதல் எவ்வகையிலும் பொருந்தாது. நாம் ஆராயாது விட்டால் அதனை ஆராயும் பொறுப்பு விற்பனையாளரிடமே எஞ்சும்.

முதலில் வழங்கப்படுவனவற்றை வகைப்படுத்தி நோக்குவோம். செய்யாது விடப்பட்ட சிறு பணிகளை முடிப்பதற்காக உலகினுள் உலாவவிடுதல் ஒரு வகை. ஈட்டிய வலிமையுடன் கதையை முதலிலிருந்து மீண்டும் ஆடவிடுதல் இன்னொரு வகை. 1995இல் ஸ்குவெயார் நிறுவனம் வெளியிட்ட குரோனோ டிரிகர் இவ்வகையைப் பரவலாக அறியச் செய்ததோடு, மீள ஆடுவோன் இறுதிப் பகைவனை எக்கட்டத்தில் வெல்கிறான் என்பதைப் பொறுத்துப் பத்துக்கு மேற்பட்ட முடிவுகளையும் அமைத்திருந்தது. புதிய நிலப்பரப்பையோ பிற்கதையையோ திறந்துவிடுதல் மூன்றாவது. முடிவே இல்லாத ஒரே செயலை நாள்தோறும் செய்வித்தல் நான்காவது. இவற்றுள் எதுவும் தன்னளவில் நன்றோ தீதோ அன்று. ஒவ்வொன்றும் முடிந்த கதையுடன் கொண்டுள்ள உறவே தீர்ப்பினை நிர்ணயிக்கின்றது.

உறவு செவ்வனே அமைந்தமைக்கு 2010இல் ரொக்ஸ்டார் நிறுவனம் வெளியிட்ட ரெட் டெட் ரிடெம்ப்ஷனை முதற்சான்றாகக் கொள்ளலாம். கதை நிகழ்வது 1911ஆம் ஆண்டில், அமெரிக்க – மெக்சிக்க எல்லைப்புறத்தில். முன்னாட் கொள்ளையனாகிய ஜோன் மார்ஸ்டனை, அவனது குடும்பத்தைப் பிணை வைத்து, பழைய கூட்டாளிகளை வேட்டையாடுமாறு அரசாங்க முகவர்கள் ஏவுகின்றனர். அவன் சொன்னதனைத்தையும் செய்து முடிக்கிறான். பண்ணைக்குத் திரும்பி மாடு மேய்க்கிறான். மகனுக்கு வேட்டை பழக்குகிறான். அதன்பின் அதே அரசாங்கம் படையுடன் வந்து அவனைச் சுட்டுக் கொல்கின்றது. ஆண்டு 1914 ஆகின்றது. விளையாடுவோனின் கையில் இப்போது மகன் ஜாக் இருக்கிறான். பிரதான கதையின் பணிகள் யாவும் முடிந்துவிட்டன. உலகு திறந்து கிடக்கின்றது. அவ்வுலகின் ஓர் ஊரில், யாரும் வற்புறுத்தாத ஒரு சிறு பணி காத்திருக்கின்றது. அதனைத் தொடர்ந்து சென்றால், ஓய்வுபெற்று ஆற்றங்கரையில் வேட்டையாடிக் கொண்டிருக்கும் எட்கர் ரொஸ் என்ற அம்முகவனை மகன் சந்திக்கிறான், பழிதீர்க்கிறான். அதன் பின்னரே ஆக்கியோர் பட்டியல் ஓடுகின்றது. மகன் தன்னைப் போலாகிவிடக்கூடாது என்பதற்காகவே தந்தை அத்தனையும் செய்தான். விளையாடுவோன் தன் விருப்பத்தாலேயே அவ்விருப்பத்தை முறியடித்துவிடுகிறான். கதைக்கு வெளியே ஓர் எச்சமாகக் கிடந்த பணி, கதையின் துன்பியலை நிறைவு செய்வதாக ஆகிவிடுகின்றது. இதற்குத் தேவைப்பட்ட நேரமோ மிகச் சொற்பம்.

சிக்கலான கதை இருந்தாற்றான் இது கைகூடும் என்பதற்கில்லை. சிறுவர்க்கென ஆக்கப்பட்ட போக்கிமொன் கோல்ட், சில்வர் ஆகியன 1999இல் யப்பானில் வெளியாயின. அவற்றில் வாகையர் பட்டம் வென்றவன் கப்பலேறி, 1996இல் வெளியான முதல் விளையாட்டின் நிலமாகிய கான்ரோவைச் சென்றடைகிறான். அங்கே மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. எரிமலை வெடித்து ஒரு தீவு நகர் அழிந்துள்ளது. பழைய போட்டியாளன் ஒரு நகரின் பயிற்சித் தலைவனாகியுள்ளான். ஈற்றில் ஒரு மலையின் உட்புறத்தே, ஒரு வார்த்தையும் பேசாமல், முதல் விளையாட்டின் நாயகன் நிற்கிறான். முன்னைய விளையாட்டை ஆடியவனுக்கு அது தன்னையே எதிர்கொள்ளும் கணம். காலம் கடந்துவிட்டது என்பதை அவ்வுலகு சொல்லாமற் சொல்கின்றது.

இனி மறுபுறம் நோக்குவோம். 2017இல் நின்டெண்டோ வெளியிட்ட செல்டா: பிரெத் ஒவ் த வைல்ட் எமது காலத்தின் மிகச் சிறந்த ஆக்கங்களுள் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. அதன் உலகு நூறாண்டுப் பேரழிவின் சிதைவுகளாற் கட்டப்பட்டது. ஆயின் பேரழிவின் ஊற்றாகிய கானன் வீழ்ந்து, இளவரசி விடுதலை பெற்றபின் நிகழ்வது யாது? சேமிப்பைத் திறந்ததும் விளையாடுவோன் இறுதிப் போருக்கு முந்திய கணத்திற்கே திருப்பப்படுகிறான். இளவரசி இன்னமும் கோட்டையினுள் இருக்கிறாள். கானன் இன்னமும் அதனைச் சூழ்ந்திருக்கிறான். வென்றமைக்கு அடையாளமாகச் சேமிப்பின் அருகே ஒரு விண்மீன் மாத்திரம் மின்னுகின்றது. காப்பாற்றப்பட்ட நாட்டை, காப்பாற்றியவன் ஒருநாளும் காண்பதில்லை. அதற்குப் பதிலாக 900 கொரொக் விதைகள் தேடுவாரற்று உலகெங்கும் மறைந்து கிடக்கின்றன. அத்தனையையும் சேர்த்தவனுக்குப் பரிசாகக் கிடைப்பது மலவுருவில் அமைந்த ஒரு பொன்னிறப் பொருள். ஆக்கியோரே, இதற்காகவா இவ்வளவு நேரம் செலவிட்டாய் என்று விளையாடுவோனைப் பார்த்து நகைக்கின்றனர் போலும். அந்நகைப்பில் நேர்மை உண்டு. எனினும் நகைத்துவிட்டமையால் வெறுமை நிரம்பிவிடாது.

முடிவை மறப்பதினும் கொடிது முடிவை அழிப்பது. 2008இல் பெதெஸ்டா வெளியிட்ட போல்அவுட் 3, அணுவாயுதப் போரினால் நாசமான வொஷிங்டனில் நிகழ்வது. தூய குடிநீருக்கான பொறியை இயக்க எவரேனும் கதிர்வீச்சு நிறைந்த அறையினுட் புகுந்தாக வேண்டும். நாயகன் புகுந்தால் இறக்கிறான். விளையாட்டும் அங்கே முடிகின்றது. மேலும் ஆட முடியவில்லையே என்ற முறைப்பாடுகள் எழுந்தன. 2009இல் விற்கப்பட்ட புரோக்கன் ஸ்டீல் என்ற தொடர்ச்சியில் நாயகன் இரு வாரங்களின் பின் கண்விழிக்கிறான். அவன் எட்டக்கூடிய உச்சப்படி 20இலிருந்து 30ஆக உயர்ந்தது. மூல முடிவிற் குறையிருந்தது உண்மையே: கதிர்வீச்சினாற் பாதிக்கப்படாத தோழன் ஒருவன் அருகில் நின்றும் உட்செல்ல மறுத்தான். அக்குறையைத் தொடர்ச்சி திருத்தியது. தூய நீர் மக்களிடையே பங்கிடப்படும் விதத்தையும், அதிலெழும் ஊழலையும் காட்டியது. அவ்வளவில் உலகு கதைக்குப் பதிலிறுத்தது எனலாம். ஆயின் அதற்குத் தியாகி உயிர்த்தெழ வேண்டியதில்லை. வேறொருவனின் கண்வழியாக அவ்வுலகைக் காட்டும் வழி உண்டென்பதை மறுவருடமே ஜாக் மார்ஸ்டன் மெய்ப்பித்தான். இறப்பைப் பண்டமாற்றுக்கு உட்படுத்திய கதை, இறப்பைப் பற்றிப் பேசும் உரிமையை இழந்துவிடுகின்றது.

இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக உள்ள பொருளாதார உண்மையை நாம் காணாதிருத்தலாகாது. முன்னர் விற்கப்பட்டது விளையாட்டு. இன்று பெரிதும் விற்கப்படுவது விளையாடுவோனின் தொடர்ந்த வருகை. 2017இல் வெளியான ஷடோ ஒவ் வோரின் உண்மையான முடிவு, கோட்டைகளை மீண்டும் மீண்டும் காக்கும் நெடிய போர்த்தொடரின் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. அதே விளையாட்டினுள், உண்மைப் பணத்திற்குப் போர்வீரரை வழங்கும் பெட்டிகளும் விற்கப்பட்டன. சலிப்பு ஒரு கையால் வழங்கப்பட்டது. சலிப்புக்கான மருந்து மறு கையால் விற்கப்பட்டது. கண்டனம் வலுத்ததன்பின் 2018 யூலையில் அச்சந்தை அகற்றப்பட்டு, போர்த்தொடரும் குறுக்கப்பட்டது. அது கலைக்குத் தேவைப்பட்டிருந்தால் அவ்வாறு குறுக்கியிருக்க மாட்டார்கள்.

டெஸ்டினி 2 இதன் உச்சநிலை. 2017 செப்ரெம்பரில் அது வெளியானபோது, செம்போர் என்ற பிரதான கதையும் அதனுள் அடங்கியிருந்தது. 2020 நவம்பரில் பங்கி நிறுவனம் அக்கதையையும், அதனோடு சில கோள்களையும் விளையாட்டிலிருந்து அகற்றிவிட்டது. விளையாட்டு அளவுக்கு மீறிப் பெருத்து, பராமரிக்கக் கடினமாயிற்று என்பது அவர்கள் கூறிய காரணம். அது பொய்யன்று. ஆயினும் இடம் போதாதபோது எது வெளியேற்றப்பட்டது என்பதையே நாம் கவனிக்கவேண்டும். பணங்கொடுத்து வாங்கிய கதை வெளியேறிற்று. நாள்தோறும் வாரந்தோறும் மீள ஆடப்படும் பின்னிலை நிலைத்தது.

எமது வாதத்திற்கு எதிராக நண்பர்கள் கூறும் நியாயங்கள் சில உள. ஒரு புதிய விளையாட்டின் விலை 60 முதல் 70 அமெரிக்க டொலர். எம்போன்ற நாடொன்றின் மாணவனுக்கு அது பெருந்தொகை. ஆண்டுக்கு ஒன்றை வாங்குபவன் அதிலிருந்து இயன்றளவு நேரத்தைப் பெற விரும்புதல் குற்றமா என்பர். குற்றமன்று. ஆயின் அவன் பணத்தை மாத்திரமன்றித் தன் நாட்களையும் விலையாகக் கொடுக்கிறான். வறியவனின் நேரம் மலிவானது என்ற எண்ணத்தை வறியவனே ஏற்றுக்கொள்ளுதல் துயரமானது. விரும்பாதவன் நிறுத்திவிடலாமே என்று இன்னொரு சாரார் கூறுவர். நூற்றுக்கு எத்தனை வீதம் முடிந்தது என்று ஓயாது காட்டிக்கொண்டிருக்கும் எண்கள், அவன் நிறுத்தாதிருத்தற்பொருட்டே வடிவமைக்கப்பட்டவை. போர் ஓய்ந்த நிலத்தில் நோக்கமின்றிக் குதிரையிற் செல்வதே ஓர் அமைதி என்பாரும் உளர். அவருடன் எமக்குப் பிணக்கில்லை. போர் ஓய்ந்த நிலத்தை அவருக்குக் காட்டுங்கள் என்பதே எமது கோரிக்கையும் ஆகும்.

இவ்விடத்தில் 2015இல் டோபி பொக்ஸ் ஆக்கிய அண்டர்டேல் நினைவுகூரத்தக்கது. எவரையும் கொல்லாது அதன் மெய்யான நன்முடிவை அடைந்தவன், விளையாட்டை மீண்டும் திறந்தால், முன்னர் பகையாயிருந்த பூவுருவொன்று அவனிடம் ஒரு வேண்டுகோளை விடுக்கின்றது. எல்லோரும் இப்போது மகிழ்ந்து வாழ்கின்றனர். அம்மகிழ்ச்சியை அழிக்கவல்ல ஒரேயொரு சக்தி எஞ்சியுள்ளது. அது, மீளத் தொடங்கும் வல்லமை கொண்ட நீயே. அவர்களை வாழவிடு என்பது அதன் சாரம். ஆக்கியோன் புதிய நிலத்தையோ புதிய ஆயுதத்தையோ வழங்கவில்லை. விளையாட்டைத் திறவாதிருத்தலையே ஓர் அறச்செயலாக வழங்கினான். நாம் ஆராய்ந்தவற்றுள் தன் முடிவை இதனினும் ஆழமாக அறிந்திருப்பது பிறிதொன்றில்லை.

தமிழ் மாணவருக்கு இது முற்றிலும் புதிய பிரச்சினையன்று. மதுரை எரிந்ததுடன் சிலப்பதிகாரம் முடிந்திருக்கலாம். வஞ்சிக் காண்டத்தைப் பிற்சேர்க்கையென ஐயுற்ற அறிஞரும் உளர். ஆயின் அக்காண்டம் கண்ணகியை மறந்துவிட்டு வேறு வேடிக்கை காட்டவில்லை. அவளை உயிர்ப்பித்து மீண்டும் நடக்கவிடவுமில்லை. அவள் செய்ததை உலகு எவ்வாறு ஏற்றது என்பதற்கு, இமயத்திலிருந்து கொணர்ந்த கல்லையே சான்றாக நிறுத்திற்று. கதைக்குப் பின்னான கதை செய்யவேண்டிய பணி அதுவே.

எனவே விளையாடும் மாணவரிடமும், அதனை ஏளனஞ் செய்யும் ஆசிரியரிடமும் நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த முறை ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசுகையில் மணித்தியாலங்களை எண்ணாதீர்கள். நாயகன் இறந்தமையை அவ்வூரில் எவரேனும் அறிவரா, வென்றபின் அங்கே ஒரு வீடாவது திருத்தப்பட்டதா, ஒரு குழந்தையாவது வளர்ந்ததா என்று கேளுங்கள். இல்லையென்று விடை வருமாயின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து செல்லுங்கள். அங்கே உங்களுக்கென இனி எதுவும் இல்லை.