பக்கம் அறிந்து கருவி எடு

புதிதாக ஒரு வெப்சைட் கட்ட உட்காரும் குழுக்களில் முதல் நாளே பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. ரியாக்ட், ஆங்குலர், வியூ என்று ஒரு ஃபிரேம்வொர்க்கைப் பிடித்துக்கொள்வதா, ஜேகுவரி போன்ற சின்ன லைப்ரரியோடு நிறுத்திக்கொள்வதா? (ரியாக்ட் தன்னையும் லைப்ரரி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. நடைமுறையில் அதைச் சுற்றித்தான் மொத்த வீடும் எழும்புகிறது.) இளைஞர்கள் முதல் அணி. வேலை விளம்பரங்கள் கேட்பது அதைத்தான். மூத்தவர்கள் இரண்டாவது அணி. கை அதற்குப் பழகிவிட்டது. கட்டப்போகும் பக்கத்துக்கு என்ன வேலை என்ற கேள்வியை மட்டும் இரு அணிகளும் மறந்துவிடுகின்றன.

ஜேகுவரி ஒரு தலைவலிக்கு மருந்தாகப் பிறந்தது. ஜான் ரெசிக் 2006ல் அதை வெளியிட்டபோது ஒவ்வொரு பிரவுசரும் ஜாவாஸ்கிரிப்டை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டது. ஃபயர்ஃபாக்ஸில் ஒழுங்காக ஓடியது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் படுத்துக்கொண்டது. ஜேகுவரி நடுவில் நின்று சமாதானம் செய்துவைத்தது. ஒரே வரி எல்லா பிரவுசர்களிலும் வேலை செய்தது.

பக்கங்கள் பெரிதானபோதுதான் சிக்கல் வந்தது. ஃபேஸ்புக்கே 2014ல் மேடையில் சொன்ன கதை இது. படிக்காத செய்தி ஒன்று இருப்பதாக மேலே எண் காட்டும். திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. பொறியாளர்கள் சரிசெய்வார்கள். கோளாறு மறுபடி தலைகாட்டும். ஒரே தகவலைத் திரையில் பல இடங்கள் காட்டின. செய்தி வந்தாலும் படிக்கப்பட்டாலும் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியே திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் பொய்க்கணக்கு. தகவலை ஓரிடத்தில் வைத்து, அது மாறும்போது திரையும் தானாக மாறும்படி செய்வதுதான் தீர்வு. அந்த நிறுவனம் 2013ல் பொதுவில் திறந்துவிட்ட ரியாக்ட், திரையை மாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது.

இந்த வசதிக்கு விலை உண்டு. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2010ல் வந்தது. அதை நம்பி ஏராளமானோர் இறங்கினார்கள். 2016ல் வந்த இரண்டாம் பதிப்போ அடியோடு வேறு. பழையதை அப்படியே அதில் ஏற்ற முடியாது. பெரும்பகுதியைத் திருப்பி எழுத வேண்டும். 2021 டிசம்பரோடு பழையதற்கான ஆதரவும் நின்றுபோனது. குடும்பத்தோடு குடியேறியவர்களிடம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன கதைதான். மூட்டை கட்டும் செலவு குடியிருந்தவர் தலையில்.

லைப்ரரி அணியும் சிரிக்க முடியாது. வேர்ட்பிரஸ் 2020 ஆகஸ்டில் தன் 5.5ம் பதிப்பில், பழைய ஜேகுவரி நிரல்களுக்கு முட்டுக்கொடுத்துவந்த துணை நிரலை நிறுத்தியது. ஆண்டுக்கணக்கில் திருத்தாமல் விடப்பட்ட தளங்கள் பல முடங்கின. இன்றைய பிரவுசர்களுக்குள் பழைய சண்டையும் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஜேகுவரி செய்துவந்த பல காரியங்களை அவை தாமாகவே செய்கின்றன. பிரிட்டன் அரசின் இணையதளம் 2022ல் அதைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்குச் சுமார் 32 கிலோபைட் சுமையைக் குறைத்தது.

வேர்ட்பிரஸ்ஸிடமே வழியும் இருக்கிறது. 2018 டிசம்பரில் வந்த அதன் 5.0 பதிப்பில், கட்டுரை எழுதும் பகுதி ரியாக்டில் கட்டப்பட்டது. பத்தியை இழுக்கலாம், படத்தை நகர்த்தலாம். நொடிக்கு நொடி திரை மாறும் இடம் அது. ஆனால் வாசகர் பார்க்கும் பக்கம் வழக்கம்போல சர்வரிலேயே தயாராகி வருகிறது. ஒரே வீட்டில் அடுப்படிக்கு ஒரு ஏற்பாடு, கூடத்துக்கு இன்னொன்று.

ஆகவே குழுக்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். ஒரே தகவல் திரையில் எத்தனை இடங்களில் மாறுகிறது? ஒரு சீட்டைத் தொட்டவுடன் வரைபடமும் கட்டணமும் பயணிகள் பட்டியலும் சேர்ந்து மாற வேண்டிய டிக்கெட் பதிவுக்கு ஃபிரேம்வொர்க் நியாயம். ஒரு படிவமும் நான்கு அறிவிப்புகளும் உள்ள பள்ளிக்கூடத் தளத்துக்குச் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் தாராளம். இரண்டாவது கேள்வி: கட்டியவர் வேறு வேலைக்குப் போன பிறகு பழுது பார்ப்பது யார்? அவருக்கும் புரிகிற கருவியாக அது இருக்க வேண்டும். ஏனென்றால் தளம் நின்றுபோனால் பணம் கொடுப்பது பள்ளிக்கூடம்.

தேர்வு முடிவு பார்க்க வரும் பெற்றோருக்கு ரியாக்டும் தெரியாது, ஜேகுவரியும் தெரியாது. கையிலிருக்கும் மலிவான போனில் பக்கம் திறந்ததா என்பது மட்டும் தெரியும்.