தேசிங்கு ராஜா கோழிப் பந்தயத்துக்குப் போனால்?

செஞ்சியில் என் அக்கா வீட்டு மாடியில் நின்றால் ராஜகிரி மலை நேராகத் தெரியும். சென்ற முறை போனபோது வீட்டில் யாரும் மலையைப் பார்க்கவில்லை. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அக்கா மகன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான். திரையில் இடுப்பில் வாள் செருகிய ஒரு சாமுராய் வீரர், கோழிப் பந்தயத்தில் பணம் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அக்காவின் மாமனார், "நம்ம கோழி எதுடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கேமின் பெயர் 'லைக் எ டிராகன்: இஷின்!'. சேகா நிறுவனம் 2014ல் ஜப்பானில் மட்டும் வெளியிட்டது. 2023 பிப்ரவரியில் புதுப்பித்து, கம்ப்யூட்டருக்கும் சேர்த்து உலகம் முழுவதும் விட்டார்கள். பேச்சு ஜப்பானிய மொழியில்தான். கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துக்கொள்ள வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய கம்ப்யூட்டரில் முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். வெட்டுக்குத்தும் ரத்தமும் உண்டு, சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கதை நடப்பது 1860களின் கியோட்டோ நகரில். நாயகன் சகாமோட்டோ ரியோமா, கற்பனை ஆள் அல்ல. ஷோகன் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர உழைத்து, 1867ல் கியோட்டோ விடுதி ஒன்றில் 31 வயதில் வெட்டிக் கொல்லப்பட்டவர். அவர் பிறந்த கோச்சி ஊரின் விமான நிலையத்துக்கே அவர் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் கட்டபொம்மனுக்கு இருக்கும் மரியாதை அங்கே அவருக்கு.

அப்படிப்பட்டவரை இந்தக் கேம் என்ன பாடு படுத்துகிறது தெரியுமா? தந்தை போன்றவரைக் கொன்றவனைத் தேடி, பெயரை மாற்றிக்கொண்டு எதிரிப் படையிலேயே சேர்கிறார். கதை அழ வைக்கும். அந்தக் கதை நடுவில்தான் மனிதர் நூடுல்ஸ் கடையில் நின்று யாருக்கு என்ன என்று ஞாபகம் வைத்துப் பரிமாறுகிறார். வயலில் காய்கறி போடுகிறார். பீரங்கிக் குண்டுகளை வாளால் இரண்டாக வெட்டுகிறார். கராஓகே பாடுகிறார்! 1860களில் ஏது கராஓகே என்று கேட்டால் நீங்கள் இந்தக் கேமுக்கு லாயக்கில்லை. ஒரு கூட்டம் 'ஈ ஜா நாய் கா' என்று ஆடிக்கொண்டு வருகிறது. 'ஆனா என்ன, நல்லதுதானே' என்பது போலப் பொருள். இது மட்டும் கற்பனை இல்லை. 1867ல் ஜப்பானியத் தெருக்களில் மக்கள் நிஜமாகவே இப்படிச் சொல்லி ஆடித் தீர்த்தார்கள்.

சிரித்து முடித்தபோது எனக்கு ரியோமாவின் மேல் மரியாதை குறையவில்லை. அவர் எப்போது பிறந்தார், யாரோடு பகை என்று தேடிப் படித்தேன். அக்கா மகனுக்குக் கியோட்டோவின் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கோட்டையில் யார் யார் ஆண்டார்கள் என்று கேட்டேன். "தேசிங்கு ராஜா, மாமா" என்றான். அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை.

செஞ்சியில் கேமுக்கு வேண்டிய சரக்கு இல்லையா? மூன்று மலை, அவற்றை இணைக்கும் சுமார் 13 கிலோமீட்டர் மதில். ராஜகிரி உச்சிக்குப் போகுமுன் பாறை பிளந்து கிடக்கும், மரப்பாலத்தில்தான் கடக்க வேண்டும். பாலத்தை இழுத்துக்கொண்டால் கீழே இருப்பவன் கீழேதான். இதைவிட நல்ல 'லெவல்' யார் வடிவமைக்க முடியும்? 1677ல் சிவாஜி பிடித்த கோட்டை இது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகை போட்டது. அந்தத் தளபதி ஜுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு இருந்தது. எட்டு வருஷம் ஒரு கோட்டை வாசலில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த படைக்குச் சோறு, துணி, வம்பு, கடன் எல்லாம் எப்படி நடந்திருக்கும்! அதுவே ஒரு முழு நகைச்சுவைக் கேம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியப் போர்க் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான். ஆனாலும் கேம் உலகில் செஞ்சியைக் காணோம். நம் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'ல் 2022ல் திராவிடர்கள் வந்தார்கள், ராஜேந்திர சோழன் படையெடுப்பும் உண்டு. கனடாவில் செய்த 'வெண்பா' 2023ல் இட்லியையும் பிரியாணியையும் வைத்தே உலகைக் கலங்க வைத்து, பாஃப்டா விருதும் வாங்கியது. ஆனால் நம் வீரர்களோடு சேர்ந்து சிரிக்கும் கேம்?

"தேசிங்கை வைத்துக் காமெடியா? ஊரில் சண்டை வரும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பயம் நியாயமானதுதான். 1714ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, இருபதை ஒட்டிய வயதில் செத்த பையனைக் கேலி செய்தால் யாருக்கும் கோபம் வரும். நான் கேட்பது கேலி இல்லை. நாட்டுப்பாடல் சொல்லும் கதையில் கல்யாண மேடையிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போருக்கு வரும் மோவத்துகான் இருக்கிறான்; யாருக்கும் அடங்காத பாரசாரிக் குதிரை இருக்கிறது. அந்தக் குதிரை முதல் நாள் தேசிங்கை எத்தனை முறை கீழே தள்ளியிருக்கும்? அதை ஆடிப் பார்த்தவனுக்குக் கடைசிச் சண்டையில் கண் கலங்கும். சிரிக்காமல் ஆடியவனுக்கு அது இன்னொரு பாஸ் ஃபைட்.

இந்த வேலையை இதே வட்டாரம் எப்போதோ செய்து முடித்துவிட்டது. செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி துரியோதனன் திரைக்குப் பின்னால் கர்ஜிப்பான். கட்டியக்காரன், "யாருய்யா அது, சாமத்துல சத்தம் போடுறது?" என்று கேட்பான். மகாராஜாவை நக்கல் அடித்தவன்தான் விடியற்காலையில் அதே ராஜாவின் சாவுக்கு ஊரை அழ வைப்பதிலும் கூட நிற்பான். ஜப்பான்காரன் கோடி கோடியாய்க் கொட்டிச் செய்ததைக் கட்டியக்காரன் ஒரு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் செய்தான்.

செலவுக்கு எங்கே போவது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடோ என்ற கேம் எஞ்சின் முழுக்க இலவசம். பழைய பதிப்பில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நின்றது. 2023ல் வந்த நான்காம் பதிப்பில் ஒழுங்காக வருகிறது. முப்பரிமாண உருவங்களுக்கு பிளெண்டர், அதுவும் இலவசம். கல்யாண மகாலைச் செல்போனில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக் கொள்ளலாம். ட்ரோன் மட்டும் அனுமதியில்லாமல் பறக்கவிடாதீர்கள், தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். சேகா அளவுக்கு முழு நகரம் வேண்டாம். ஒரு பாலம், ஒரு குதிரை, ஒரு கட்டியக்காரன் போதும்.

இதையெல்லாம் அன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். மறுநாள் காலையில் அக்கா மகன் கிராஃப் தாளில் ராஜகிரிப் பாலத்தை வரைந்து வைத்திருந்தான். "மாமா, நவாபு ஆளு பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து கதவத் தொறன்னு கத்துறான். கட்டியக்காரன் என்ன சொல்வான்?"

நான் யோசிப்பதற்குள் தாத்தா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ராஜா குளிக்கப் போயிருக்காரு, எட்டு வருஷம் கழிச்சு வான்னு சொல்லச் சொல்லு."